யுகப் படத்தை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்து வீட்டு ஜெபக் கூட்டங்களில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த யுகப் படம் சுவர் ஏறிவிடும். வேதாகம வரலாற்றை ஏழு காலங்களாகக் காட்டும் நீளமான பேனர். இடது ஓரத்தில் ஏதேன் தோட்டம், வலது ஓரத்தில் புதிய எருசலேம், நடுவில் வரிசையாக ஏழு வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: மாசற்ற காலம், மனச்சாட்சியின் காலம், மனித ஆளுகையின் காலம், வாக்குத்தத்தத்தின் காலம், நியாயப்பிரமாண காலம், கிருபையின் காலம், ராஜ்ய காலம். வந்திருப்பவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொள்வார்கள். மறுநாள் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அதற்கு அடுத்த நாள் வாக்குவாதம் ஆரம்பிக்கும். நம் குடும்பங்களில் அண்ணன் மெதடிஸ்ட், தங்கை பெந்தெகொஸ்தே, மாமியார் கத்தோலிக்கர், சம்பந்தி வீடு லுத்தரன். வாக்குவாதம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

படத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. கடவுள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விதமாக மனிதர்களோடு பேசினார் என்பது வேதாகமமே சொல்வதுதான். எபிரெயர் நிருபம் தொடங்குவதே 'பூர்வகாலங்களில் பங்குபங்காகவும் வகைவகையாகவும்' என்ற வார்த்தைகளோடு. ஆதாமுக்கு ஒரு மரத்தைப் பற்றிய கட்டளை, நோவாவுக்கு ஒரு வில், ஆபிரகாமுக்கு ஒரு வாக்கு, மோசேக்கு இரண்டு கற்பலகை. இந்த வித்தியாசங்களைக் கவனிக்காமல் வாசிக்கிறவர், பன்றிக்கறி பற்றிய லேவியராகமச் சட்டத்தையும் பவுலின் நிருபத்தையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுக் குழம்பிப்போவார். ஆகவே காலப் பிரிவு உதவியான ஒன்று. அதை விளக்கும்போது நடக்கிற தவறுகள்தான் தொல்லை. கூட்டம் நடத்துகிறவர்களையும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

ஏழு என்ற எண்ணை வேதவசனம் போலச் சொல்வது

'வேதத்தில் ஏழு யுகங்கள் இருக்கின்றன' என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே தடம் மாறிவிடுகிறது. அப்படி எண்ணிச் சொல்லும் வசனம் வேதாகமத்தில் எங்கும் இல்லை. இந்த ஏழு பெயர்களும் இன்று நமக்குத் தெரிந்த வடிவில் பரவியதற்குக் காரணம், அமெரிக்கரான சி. ஐ. ஸ்கோஃபீல்ட் 1909-இல் வெளியிட்ட குறிப்புரை வேதாகமம். வசனத்துக்குக் கீழேயே விளக்கமும் அச்சானதால், வாசித்தவர்கள் பலருக்கு வசனம் எது, குறிப்பு எது என்ற கோடு மங்கிப்போனது. பிறகு கிளாரன்ஸ் லார்கின் என்ற பாப்டிஸ்ட் போதகர் 1918-இல் இதையெல்லாம் பெரிய பெரிய வரைபடங்களாகப் போட்டார். அவர் போதகராவதற்கு முன் இயந்திர வரைபட வேலை செய்தவர். நம் பேனர்களின் கோடு இத்தனை நேராக இருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

ஸ்கோஃபீல்டுக்கு முன்னோடி ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையில் குருவாக இருந்து, வெளியேறி, பிரதரன் என்ற சபை இயக்கத்தின் முக்கிய ஆசிரியரானவர். அவருடைய பட்டியலும் ஸ்கோஃபீல்டின் பட்டியலும் ஒன்றல்ல. ஜலப்பிரளயத்துக்கு முந்தைய நாட்களை டார்பி தனி யுகமாகக் கணக்கில் எடுப்பதே இல்லை. 1965-இல், யுகப் பிரிவு எனப்படும் இந்தப் போதனைக்கு ஒழுங்கான விளக்கம் எழுதிய சார்லஸ் ரைரியும், எண்ணிக்கை எத்தனை என்பது இதில் அடிப்படையான விஷயமல்ல என்றுதான் சொன்னார். போதனையின் சொந்த ஆசிரியர்களே பிடிவாதம் பிடிக்காத எண்ணை நாம் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

காலத்தைப் பிரித்தது இவர்கள் மட்டுமா என்றால் அதுவும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் உலக வரலாற்றை ஆறு காலங்களாகப் பிரித்தார்: ஆதாம் முதல் நோவா வரை, நோவா முதல் ஆபிரகாம் வரை, ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை, அங்கிருந்து கிறிஸ்து வரை, கிறிஸ்து முதல் முடிவு வரை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபியோரே மடத்து யோவாக்கிம், பிதாவின் காலம், குமாரனின் காலம், ஆவியின் காலம் என்று மூன்றாகப் பிரித்தார். இன்னும் பின்னால் போனால், இரண்டாம் நூற்றாண்டின் ஆயர் இரேனியு நான்கு உடன்படிக்கைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

வேதாகம எழுத்தாளர்களே அவரவர் தேவைக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். மத்தேயு முதல் அதிகாரம் 17-ஆம் வசனத்தைப் பாருங்கள்: ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினாலு தலைமுறை, தாவீது முதல் பாபிலோன் வரை பதினாலு, பாபிலோன் முதல் கிறிஸ்து வரை பதினாலு. பவுல் ரோமர் 5-இல் 'ஆதாம் முதல் மோசே வரை' என்று ஒரே கோடு போடுகிறார். மத்தேயுவுக்கு இயேசு தாவீதின் வாரிசு என்று காட்ட வேண்டும், அதனால் தாவீதிடம் நிற்கிறார். பவுலுக்குச் சட்டம் வருவதற்கு முன்பே மரணம் ஆண்டது என்று காட்ட வேண்டும், அதனால் மோசேயிடம் நிற்கிறார். ஸ்கோஃபீல்டின் ஏழில் தாவீதுக்கென்று தனி வளைவே கிடையாது. யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வி மாறும்போது கோடு விழும் இடமும் மாறுகிறது.

கூட்டத்தில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'இது ஒரு வகைப் பிரிவு. இதைப் பிரித்தவர்கள் இவர்கள்.' அரை நிமிடம் ஆகும்.

சட்டத்தின் காலத்தில் சட்டத்தால் இரட்சிப்பு, கிருபையின் காலத்தில் கிருபையால் இரட்சிப்பு

தவறுகளிலேயே பெரியது இதுதான், ஆகவே இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

படம் அப்படித்தான் பேசுகிறது. ஐந்தாவது வளைவில் 'நியாயப்பிரமாணம்' என்று எழுதி, ஆறாவதில் 'கிருபை' என்று எழுதினால், பார்க்கிறவர் என்ன நினைப்பார்? அப்போது ஜனங்கள் கட்டளைகளைக் கைக்கொண்டு மோட்சத்துக்குப் போனார்கள், அது முடியாமல் போனதால் கடவுள் இப்போது இலவசமாகக் கொடுக்கிறார் என்றுதான். உடனே பின் வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்பார்: 'ஐயா, அப்போ சட்டமே வராத காலத்துல ஆபிரகாம் எப்படிப் போனாரு?' நல்ல கேள்வி. பல போதகர்கள் இந்த இடத்தில் தண்ணீர் குடிக்க ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாட்டிக்குப் பதில் ரோமர் 4-இல் இருக்கிறது. 'ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது' என்ற ஆதியாகமம் 15-இன் வசனத்தைப் பவுல் அங்கே எடுக்கிறார். அதோடு நிறுத்தாமல் இன்னொரு சாட்சியையும் அழைக்கிறார்: தாவீது. 32-ஆம் சங்கீதத்தைச் சொல்லி, கிரியைகளில்லாமல் நீதிமானாக எண்ணப்படுகிறவனின் பாக்கியத்தைத் தாவீதும் பாடியிருக்கிறார் என்கிறார். இந்த இருவரையும் பவுல் பொறுக்கி எடுத்திருப்பதைக் கவனியுங்கள். ஆபிரகாம் சட்டம் வருவதற்கு முந்தியவர். தாவீது சட்டத்தின் நடுவில் வாழ்ந்தவர். நம் படத்தின் கணக்கில் நாலாவது வளைவிலிருந்து ஒருவர், ஐந்தாவதிலிருந்து ஒருவர். இருவருக்கும் வழி ஒன்றுதான். யுகப் படத்தை விளக்குவதற்கு முன் இந்த ஒரு அதிகாரத்தை வாசித்துவிட்டாலே பாதித் தவறு நடக்காது.

சீனாய் மலைக்கே போவோம். பத்துக் கட்டளைகளின் முதல் வாக்கியம் கட்டளை அல்ல. 'உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே' என்பது அறிவிப்பு. முதலில் விடுதலை, அப்புறம்தான் சட்டம். 'கட்டளைகளைக் கைக்கொள், பிறகு உன்னை எகிப்திலிருந்து மீட்கிறேன்' என்று கடவுள் மோசேயிடம் சொல்லவில்லை. மீட்கப்பட்ட ஜனம் எப்படி வாழ வேண்டும் என்பதற்குத்தான் பலகைகள் வந்தன. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய விவகாரத்தில் அந்தப் பலகைகள் உடைந்த பிறகு, இரண்டாம் முறை மலையேறிய மோசேயிடம் கடவுள் தம்மைப் பற்றிச் சொன்னது, யாத்திராகமம் 34-இல்: 'இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்.' சட்டத்தின் வளைவுக்குள்ளே கிருபை நிற்கிறது. இன்னும் முன்னால் நோவாவின் நாட்களிலேயே, 'நோவாவுக்கோ, கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது' என்று ஆதியாகமம் 6 சொல்லிவிட்டது.

'பலிகள் செலுத்தினார்களே, அதனால்தானே மன்னிப்பு கிடைத்தது?' என்று ஒருவர் கேட்பார். எபிரெயர் 10-ஆம் அதிகாரம் காளை, வெள்ளாட்டுக்கடா இவைகளுடைய இரத்தம் பாவங்களை நிவிர்த்திசெய்யாது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. வரப்போகிற ஒன்றின் நிழல் அவை. செலுத்தியவர் நம்பியது, அவற்றை ஏற்படுத்திய தேவனை.

இந்தத் தவறுக்கு ஸ்கோஃபீல்டின் பக்கமும் கொஞ்சம் பொறுப்பு உண்டு. யோவான் 1:17-க்கு அவர் எழுதிய குறிப்பு, முன்பு இரட்சிப்புக்கு நிபந்தனையாகச் சட்டத்துக்குக் கீழ்ப்படிதல் இருந்தது என்று படிக்கும்படியாக அமைந்துவிட்டது. பெரிய சர்ச்சை எழுந்தது. 1967-இல் வந்த புதிய பதிப்பில் அந்த இடத்தைத் திருத்தினார்கள். இரட்சிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு என்று நாங்கள் போதிக்கவில்லை என்று பிற்கால ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பழைய குறிப்பின் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் இன்னும் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு அண்ணன் தவறும் இருக்கிறது: பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்பது. மார்சியன் என்பவர் இதைக் கடைசி வரை இழுத்து, இருவரும் வேறு வேறு தெய்வங்கள் என்றே சொன்னார். 144-ஆம் ஆண்டு வாக்கில் ரோம சபை அவரை வெளியேற்றியது. 'அது அந்த யுகத்துக் கடவுள்' என்று யாராவது வாய் தவறிச் சொன்னால், மார்சியன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒரு காலம் தொடங்கியதும் முந்தியது செத்துவிட்டது என்று நினைப்பது

நம் ஊர்ப் பெரியவர்கள் தோட்டத்துக் கதையை எப்படிச் சொல்வார்கள்? வெள்ளைக்காரன் காலம், ஜப்பான்காரன் காலம், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம், மெர்டேகாவுக்கு (சுதந்திரத்துக்கு) அப்புறம், பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்ட காலம். கேட்பதற்கு ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியது போல இருக்கும். ஆனால் அவசரகாலம் 1948 ஜூனில், நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த கொலைகளோடு தொடங்கி, 1960 ஜூலை வரை நீடித்தது. மெர்டேகா 1957. மூன்று வருஷம் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று. ஜப்பான்காரன் காலம் 1945-இல் முடிந்தது, ஆனால் ஜப்பானியரின் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டில் அது எப்போது முடிந்தது? ஒரு காலத்துக்குப் பெயர் வைப்பது வேறு, அந்தக் காலத்தில் தொடங்கியதெல்லாம் அடுத்த பெயர் வந்ததும் நின்றுபோனது என்பது வேறு.

வேதாகமத்திலும் இப்படித்தான். வெள்ளத்துக்குப் பிறகு நோவாவோடு கடவுள் செய்த உடன்படிக்கை 'பூமியுள்ள நாளளவும்' என்று பேசுகிறது. விதைப்பும் அறுப்பும், சீதளமும் உஷ்ணமும் ஒழிவதில்லை. மூன்றாவது வளைவு எப்போதோ முடிந்துவிட்டது என்று படம் சொன்னாலும், அந்த வாக்கின் கீழ்தான் பேரா ஆற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம், சட்டம் வந்தபோது ரத்தாகவில்லை. கலாத்தியர் 3:17-இல் பவுலின் வாதமே அதுதான்: நானூற்று முப்பது வருஷத்துக்குப் பின் வந்த நியாயப்பிரமாணம், முன்னே உறுதிசெய்யப்பட்ட உடன்படிக்கையைத் தள்ளிப்போடாது. மனச்சாட்சியின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொடுத்தால், ரோமர் 2-இல் புறஜாதியாரின் மனச்சாட்சி சாட்சியிடுகிறது என்று வருவதை எங்கே வைப்பது?

அதனால் பேனர் அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வளைவுகளைப் போடுங்கள், தப்பில்லை. அவற்றுக்குக் கீழே நீளமான கோடுகளையும் இழுங்கள். நோவாவின் உடன்படிக்கைக்கு ஒரு கோடு, கடைசி வரைக்கும். ஆபிரகாமின் வாக்குக்கு ஒரு கோடு, சட்டத்தைத் தாண்டி, சிலுவையைத் தாண்டி. தாவீதுக்கு ஒரு கோடு. மோசேயின் உடன்படிக்கைக் கோடு எங்கே போய் எப்படி முடிகிறது என்பதற்கு எரேமியா 31-ஐயும் எபிரெயர் 8-ஐயும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். வளைவு மட்டும் போட்ட படம் ஏழு தனி அறைகளைக் காட்டும். கோடும் சேர்ந்தால்தான் ஒரே கதை தெரியும். ஒப்பந்த இறையியல் என்று சொல்லும் சீர்திருத்த சபை மரபு, 1640-களின் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில், இந்தத் தொடர்ச்சியைத்தான் அழுத்திச் சொன்னது. யுகப் பிரிவுக்காரர்கள் வித்தியாசத்தை அழுத்தினார்கள். 1990-களில் டாரல் பாக், கிரெய்க் பிளெய்சிங் போன்ற இறையியலாளர்கள் யுகப் பிரிவுக்குள்ளேயே இருந்துகொண்டு தொடர்ச்சியின் பக்கம் நகர்ந்தார்கள். தாவீதுக்குக் கொடுத்த ராஜ்யம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, முழுமை இன்னும் வரவில்லை என்பது அவர்கள் வாதம். என்னைக் கேட்டால் மூன்று பேரில் இவர்கள் படத்துக்குத்தான் வசனங்கள் குறைவாக முட்டுகின்றன.

இதே தவறின் வேடிக்கையான வடிவம் ஒன்று உண்டு. சனிக்கிழமை இரவு 'பழைய ஏற்பாடு நமக்கல்ல, நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம்' என்று முழங்கிய அதே ஊழியர், ஞாயிறு காலை காணிக்கை நேரத்தில் மல்கியா 3:10-ஐ எடுத்துத் தசமபாகம் கேட்பார். யாரும் சிரிப்பதில்லை. தசமபாகம் வேண்டும் என்பவர் எந்த அடிப்படையில் என்று சொல்லட்டும். வேண்டாம் என்பவரும் சொல்லட்டும். வசதிக்கு ஏற்ப யுகம் மாறக்கூடாது. வேறு சிலர் எதிர்த்திசையில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், மலைப்பிரசங்கம் யூதருக்கானது, நமக்கல்ல என்கிறார்கள். இ. டபிள்யூ. புல்லிங்கர் (1837–1913) வழியில் போன தீவிரப் பிரிவினர், சபையே அப்போஸ்தலர் 28-க்குப் பிறகுதான் தொடங்கியது என்று சொல்லி, ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும்கூட இந்தக் காலத்துக்கு இல்லை என்று ஒதுக்கினார்கள். வெட்ட ஆரம்பித்தால் எங்கே நிற்பது என்பது கஷ்டம்தான்.

கலியுகத்தோடு கலந்து விடுவது

மேல்நாட்டு விளக்கங்களில் இந்தத் தவறு வராது, நம்மிடம் வரும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வளர்ந்து பின்னாளில் சபைக்கு வந்தவர்கள் பலர். வராத சொந்தக்காரர்களும் கூட்டத்தில் மரியாதைக்கு உட்கார்ந்திருப்பார்கள். 'யுகம்' என்றதும் அவர்கள் மனதில் வருவது கிருதம், திரேதா, துவாபரம், கலி. 'கலி முத்திப்போச்சு' என்று பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்கிறோம், கிறிஸ்தவர்கள் உட்பட.

இரண்டு அமைப்பும் வேறு வேறு கட்டுமானம். புராணக் கணக்கில் கிருத யுகம் 17,28,000 வருஷம், கலியுகம் 4,32,000 வருஷம். நான்கு காலில் நின்ற தர்மம் ஒவ்வொரு யுகத்திலும் ஒரு காலை இழந்து கலியில் ஒற்றைக் காலில் நிற்கிறது. முடிந்ததும் சக்கரம் மறுபடி சுழல்கிறது. கிறிஸ்தவக் காலப் பிரிவில் சுழற்சி இல்லை. ஒரு தொடக்கம், நடுவில் ஒரு சிலுவை, ஒரு முடிவு. கால அளவும் எழுதி வைக்கப்படவில்லை, கிறிஸ்து ஆளுவார் என்று வெளிப்படுத்தல் 20 சொல்லும் கடைசி ஆயிரம் வருஷத்தைத் தவிர. அந்த ஆயிரத்தை எண்ணாக எடுப்பதா அடையாளமாக எடுப்பதா என்பதிலேயே சபைகளுக்குள் கருத்து வேறுபாடு. இன்னொன்று, ஒழுக்கம் படிப்படியாகத் தேய்வதுதான் யுகத்தை யுகத்திலிருந்து பிரிக்கிறது என்று இங்கே யாரும் சொல்வதில்லை. பிரிப்பது, கடவுள் புதிதாக வெளிப்படுத்திய ஒன்று. காயீனின் காலம் நம் காலத்தைவிட யோக்கியமானது என்று ஆதியாகமம் எங்கே சொல்கிறது?

இந்த வித்தியாசத்தைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அவர் அமைப்பு இது, இந்த அமைப்பு இது என்று சொன்னால் போதும்.

இங்கேயே சின்னத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காலத்திலும் சோதனை, தோல்வி, நியாயத்தீர்ப்பு என்று ஸ்கோஃபீல்ட் வரிசையாகக் காட்டுகிறார். அதை விளக்குகிறவர், கடவுள் ஒன்றை முயன்று பார்த்தார், சரிவரவில்லை, வேறொன்றை முயன்றார் என்கிற தொனியில் பேசிவிடுகிறார். தோற்றது மனிதன் என்பதுதான் அந்த வரிசையின் கருத்து. 'நான் கர்த்தர் நான் மாறாதவர்' என்று மல்கியா 3:6 சொல்கிறது. தசமபாக வசனத்துக்கு நாலே வசனம் மேலே.

சபைக் காலங்களையும் யுகங்களையும் ஒன்றாக்குவது

வெளிப்படுத்தலில் எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா என்று ஏழு சபைகளுக்குக் கடிதங்கள் வருகின்றன. ஏழும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த நிஜ ஊர்கள். இவற்றைச் சபை வரலாற்றின் ஏழு கட்டங்களாக எடுக்கிறவர்கள் உண்டு. அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் பிரன்ஹாம் 1960-இல் இதைப் பற்றித் தொடர் பிரசங்கங்கள் செய்தார், அவை தமிழிலும் பரவின. இதை ஏற்கிறீர்களோ இல்லையோ, ஏழு யுகங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யுகப் படத்தில் இந்த ஏழு சபைகளும் ஆறாவது வளைவு ஒன்றுக்குள்ளேயே அடங்கும். இரண்டு ஏழையும் ஒரே பேனரில் போட்டால் பிள்ளைகள் பரீட்சையில் எழுதுவது போல மாற்றி மாற்றி ஒப்பிப்பார்கள்.

அதேபோல, ஆயிரவருஷ அரசாட்சியை எழுத்தின்படி நம்புகிற எல்லோரும் யுகப் பிரிவுக்காரர் என்று நினைப்பதும் சரியல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் மார்ட்டரும் இரேனியுவும் அதை நம்பினார்கள். டார்பியின் தனி முத்திரை, இஸ்ரவேலையும் சபையையும் இரண்டு வேறு ஜனமாக வைத்ததும், கடைசி நாட்களின் உபத்திரவத்துக்கு முன்பே சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்றதும்தான். அப்போஸ்தலர் காலம் முதலே எல்லோரும் இதைத்தான் நம்பினார்கள் என்பதும் மிகை, டார்பி ஒன்றுமில்லாததிலிருந்து கற்பனை செய்தார் என்பதும் மிகை.

வலது ஓரத்தில் வருஷம் எழுதுவது

பழைய ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் ஓரத்தில் பேராயர் அஷர் கணக்கிட்ட வருஷங்கள் இருந்தன: படைப்பு கி.மு. 4004. 'ஒருநாள் ஆயிரம் வருஷம்போல' என்ற 2 பேதுரு 3:8-ஐச் சேர்த்து, ஆறு நாளுக்கு ஆறாயிரம் வருஷம், ஏழாவது நாள் ராஜ்யம் என்று கணக்குப் போடுவது பழைய வழக்கம். கூட்டிப் பாருங்கள், அஷர் கணக்குப்படி ஆறாயிரம் 1997 வாக்கில் முடிந்துவிட்டது. வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் கிறிஸ்து திரும்பி வரும் நாளாக 1844 அக்டோபர் 22-ஐக் குறித்தார்கள். 1948-இல் இஸ்ரேல் உருவானது, ஒரு தலைமுறை நாற்பது வருஷம், ஆகவே 1988 என்றார்கள் சிலர். ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். மில்லரும் கேம்பிங்கும் யுகப் பிரிவு மரபைச் சேர்ந்தவர்கள்கூட இல்லை. ஆனால் காலத்தைக் கட்டம் கட்டமாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்குக் கடைசிக் கட்டத்தின் நீளத்தை அளக்கும் ஆசை தானாக வருகிறது. அப்போஸ்தலர் 1:7 இந்த வேலை 'உங்களுக்கு அடுத்ததல்ல' என்கிறது. சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான், உயிர்த்தெழுந்த இயேசுவிடமே கேட்டார்கள், அவர்களுக்கே பதில் கிடைக்கவில்லை.

இஸ்ரவேலை வைத்துச் செய்தி வாசிப்பது

ரோமர் 9 முதல் 11 வரை எளிதான பகுதி இல்லை. யூத ஜனத்துக்குக் கடவுளின் திட்டத்தில் இன்னும் இடமுண்டு என்று யுகப் பிரிவுக்காரர்கள் சொல்வதற்கு அங்கே ஆதாரம் இருக்கிறது: 'தேவனுடைய கிருபைவரங்களும், அவர்களை அழைத்த அழைப்பும் மாறாதவைகளே.' சபைதான் இனி இஸ்ரவேல் என்பவர்களுக்கும் கலாத்தியர், எபேசியர் நிருபங்களில் வசனங்கள் உண்டு. இது வசனத்தை வைத்துப் பேச வேண்டிய விஷயம். தவறு எங்கே வருகிறது என்றால், எதிர்காலத்தில் கடவுள் ஒரு ஜனத்துக்கு என்ன செய்வார் என்ற நம்பிக்கையை, இன்று ஒரு அரசாங்கம் செய்கிற எல்லாவற்றுக்கும் முத்திரையாகக் குத்தும்போது. ஒன்றிலிருந்து மற்றது தானாக வராது. எரேமியாவைவிட இஸ்ரவேலை நேசித்த தீர்க்கதரிசி யார்? அவர்தான் எருசலேமின் ராஜாக்களை முகத்துக்கு நேரே கண்டித்தார். பாலஸ்தீனரில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள், பெத்லகேமில் தலைமுறை தலைமுறையாக. செய்திச் சானலைப் பார்த்துவிட்டு வந்து எசேக்கியேலை விளக்குகிற கூட்டத்தில் இவர்கள் பேச்சே வருவதில்லை.

மற்ற சபையாரை வேதம் தெரியாதவர்கள் என்பது

படத்தை ஏற்காதவர் வேதத்தை ஏற்காதவர் என்ற முடிவுக்குச் சிலர் சட்டென்று வந்துவிடுகிறார்கள். தரங்கம்பாடி வழியில் வந்த லுத்தரன் சம்பந்தி, ஏழு வளைவை முறைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை, 17-ஆம் பிரிவில், மரித்தோர் உயிர்த்தெழுவதற்கு முன் பக்தர்கள் உலக ராஜ்யத்தைக் கைப்பற்றி ஆளுவார்கள் என்ற போதனையைத் தள்ளியிருக்கிறது. கத்தோலிக்க மாமியாரின் சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலும், 676-ஆம் எண்ணில், ஆயிரவருஷக் கொள்கையை அதன் மென்மையான வடிவத்திலும்கூட மறுக்கிறது. இருவரும் வெளிப்படுத்தல் 20-ஐ வாசித்திருக்கிறார்கள். அகஸ்தீன் வழியில், கிறிஸ்துவின் முதல் வருகையிலிருந்து இரண்டாம் வருகை வரையான சபையின் காலமாக அந்த ஆயிரத்தை எடுக்கிறார்கள். இது தெரியாமல் ஒரு சாவு வீட்டிலோ கல்யாண வீட்டிலோ வாதத்தை ஆரம்பித்தால் பதில் சொல்ல முடியாமல் போவது நீங்கள்தான்.

கூட்டத்துக்கு இவர்கள் வந்தால் படத்தை எடுக்கும் முன் ரோமர் 4-ஐயும் கலாத்தியர் 3-ஐயும் வாசியுங்கள். அந்த இரண்டு அதிகாரத்தில் சம்பந்தியும் மாமியாரும் உங்களோடு சேர்ந்து தலையாட்டுவார்கள். ஆயிரம் வருஷத்தை அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.